இரண்டு கிளிக்

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து அக்கா மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். நாள் முழுக்கக் கைப்பேசிதான். கால் ஆஃப் டூட்டி மொபைலில் துப்பாக்கிக்கு உதிரிபாகம் மாற்றுகிற பக்கம் ஒன்று உண்டு. அதில் நீளக் குழலைக் கழற்றிவிட்டுக் குட்டைக் குழலை மாட்டிக்கொண்டிருந்தான். திரையில் சில பச்சைக் கோடுகள் கூடின, சில சிவப்பாகக் குறைந்தன. பக்கத்துக் கயிற்றுக் கட்டிலில் இருந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்னடா பண்ற?"

"பேரல் மாத்துறேன் தாத்தா. ஷார்ட் பேரல். இப்பப் பாரு, டக்குனு எய்ம் எடுக்கும்."

"சரி, கேஸ் யாரு செட் பண்றது?"

"எந்த கேஸு?"

அப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "ஒண்ணுமில்ல, வெளயாடு" என்று படுத்துவிட்டார்.

அவன் என்னிடம் வந்து, "சித்தி, தாத்தாவுக்கு சுத்தமா காது கேக்கலயா? நான் பேரல்னு சொல்றேன், அவரு கேஸ் சிலிண்டரக் கேக்குறாரு" என்றான். காது மந்தம் என்பது உண்மை. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. குழலைக் குறைத்தால் அடுத்து கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். அந்த விளையாட்டில் அதற்குக் கோடு இல்லை.

அப்பா ராணுவத்தில் ஆர்மரர். இ.எம்.இ. என்று சொல்லப்படுகிற பழுதுபார்க்கும் பிரிவில் சேர்ந்து, செகந்திராபாத்தில் பயிற்சி முடித்து, இருபத்திரண்டு வருஷம் துப்பாக்கிகளைப் பிரித்துக் கோத்தவர். தர்மபுரி பக்கத்தில் பட்டாளத்துக்காரர் வீடு என்றால் ஊருக்குப் பத்து இருக்கும். மழை பொய்த்த ஊர்களில் ரயில்வே, பட்டாளம், திருப்பூர் என்று மூன்றே வழிகள். ஆனால் பட்டாளத்தில் இருந்தும் எதிரியை நோக்கி ஒரு தடவைகூடச் சுடாமல், மற்றவர்கள் சுடுவதற்காக மட்டும் வேலை பார்த்தவர் எங்கள் தெருவில் அப்பா ஒருவர்தான். ஓய்வுபெற்று வந்து பதினெட்டு வருஷம் வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது கதவு மாதிரி. தொறக்கலாம், மூடலாம். அதுல என்னா இருக்கு?" என்பார்.

அவருடைய துப்பாக்கி எஸ்.எல்.ஆர். செல்ஃப் லோடிங் ரைஃபிள். பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். துப்பாக்கியின் வம்சம். 1962 சீனப் போருக்குப் பிறகு இஷாப்பூர் தொழிற்சாலையில் 1ஏ1 என்ற பெயரில் செய்யப்பட்டு, பழைய த்ரீ-நாட்-த்ரீயின் இடத்தைப் பிடித்தது. த்ரீ-நாட்-த்ரீயில் ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். எஸ்.எல்.ஆரில் விசையை அழுத்தினால் போதும். காலிக் கேஸை வெளியே எறிவது, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளுவது எல்லாம் அதுவே செய்துகொள்ளும். அதற்கான பலம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் நிலத்து வாய்க்கால் வரப்பில் நின்று சொன்னார்.

"வாய்க்கால்ல தண்ணி தொறந்து வுட்டாச்சு. முன்னாடி ஒரு வாழக்கட்ட அடச்சிக்கிட்டுப் போவுது. தண்ணி பூரா அதுக்குப் பின்னாடி முட்டிக்கிட்டு நிக்குது. அதான் தோட்டா. வாய்க்கா ஓரத்துல ஒரு மட இருக்கு. கட்ட அந்த மடயத் தாண்டுன ஒடனே தண்ணி கொஞ்சம் மட வழியா நம்ம வயலுக்குப் பாயும். அதான் கேஸு. கட்ட வாய்க்கா முடியற எடத்துல போயி ஓடையில விழுந்துடுச்சுன்னு வெய்யி. அவ்ளோதான், தண்ணி பூரா அந்தப் பக்கம் எறங்கிடும். மடையில பாயறது நின்னுடும்."

தோட்டாவைத் தள்ளுவது மருந்து எரிந்து உண்டாகும் வாயு. குழலில் ஓரிடத்தில் சின்னத் துளை போட்டு, அந்த வாயுவில் கொஞ்சத்தைத் திருடி, ஒரு பிஸ்டனைப் பின்னால் தள்ள வைக்கிறார்கள். பிஸ்டன் போல்ட்டைத் தள்ளுகிறது. மற்றதெல்லாம் அதிலிருந்து நடக்கிறது. தோட்டா துளையைத் தாண்டிய கணத்திலிருந்து குழல்வாயை விட்டு வெளியேறும் கணம் வரை மட்டுமே வாயு முழு அழுத்தத்தோடு துளையில் நிற்கும். அந்த நேரத்துக்குள் வாங்கிக்கொண்டதுதான்.

குறைவாக வாங்கினால் போல்ட் பாதி தூரம் வந்து நின்றுவிடும். காலிக் கேஸ் வாயிலிலேயே மாட்டி நிமிர்ந்து நிற்கும். அல்லது கேஸ் வெளியே போயிருக்கும், அடுத்த தோட்டா ஏறியிருக்காது. விசையை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். அதிகமாக வாங்கினால் வேறு தொல்லைகள். கேஸ் இன்னும் வீங்கிச் சுவரைக் கவ்விப் பிடித்திருக்கும்போதே போல்ட் திறக்கப் பார்க்கும், கேஸின் விளிம்பு பிய்ந்துவிடும். போல்ட் அத்தனை வேகமாக வந்து போகும்போது, மேகசினின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கிக் கொடுக்க நேரம் போதாது. தோளில் உதை கூடும், பாகங்கள் சீக்கிரம் விரிசல் விடும். மட்டமான சாராயம் மாதிரி, குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு என்பது அப்பாவின் உவமை. (அவர் குடிக்க மாட்டார்.)

எஸ்.எல்.ஆரில் இதைச் சரிசெய்ய ஒரு வளையம் உண்டு. கேஸ் ரெகுலேட்டர். முன் குறிக்குப் பின்னால், குழலுக்கு மேலே இருக்கும். அதைத் திருப்பினால் உபரி வாயு வெளியேறும் வழி பெரிதாகும் அல்லது சிறிதாகும். திறந்தால் பிஸ்டனுக்குக் கிடைப்பது குறையும், மூடினால் கூடும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதன் எண் வேறு. ஒரே தொழிற்சாலை, ஒரே வருஷம், அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு துப்பாக்கிகளுக்குக்கூட ஒரே அளவு ஒத்துவராது.

அப்பா செய்யும் முறை இது. ரெகுலேட்டரை நன்றாகத் திறந்துவிடுவார். ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுவார். கேஸ் சரியாக எறியப்படாது, போல்ட் முழுதாகப் பின்னால் வராது. ஒரு கிளிக் மூடுவார். மறுபடி ஒரு தோட்டா. மறுபடி ஒரு கிளிக். துப்பாக்கி எந்த இடத்தில் சரியாக வேலை செய்ய ஆரம்பிக்கிறதோ அங்கே நிறுத்திக்கொள்வார். பிறகு இன்னும் இரண்டு கிளிக் மூடுவார்.

"அந்த ரெண்டு எதுக்குப்பா?"

"அது நாளைக்கி. இன்னைக்கி பட்ல வெயில் அடிக்குது, துப்பாக்கி சுத்தமா இருக்கு, எண்ண போட்டிருக்கு. நாளைக்கி சேத்துல கெடக்கும். கரி புடிச்சிருக்கும். நாலு நாளு தொடச்சிருக்க மாட்டான். அதுக்கு ரெண்டு."

நான் இப்போது ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். எங்கள் தொழிலில் இந்த இரண்டு கிளிக்குக்கு அழகான பெயர்கள் இருக்கின்றன. அவற்றுக்கென்று பட்டியல், கையெழுத்து, தணிக்கை எல்லாம் உண்டு. ஆனால் நாளைக்கு யாரோ ஒருவன் எந்தச் சேற்றில் கிடப்பான் என்பதை இன்றைக்கு வெயிலில் நின்று யோசிக்கும் வேலை என்று அதை நான் புரிந்துகொண்டது வாய்க்கால் வரப்பில்தான்.

சிப்பாய்களுக்கு அந்த இரண்டு கிளிக் பிடிக்காது. 7.62 தோட்டாவின் உதை கடுமை. ரெகுலேட்டரைத் திறந்துவிட்டால் உதை கொஞ்சம் மிருதுவாகும். அதனால் ரேஞ்சுக்குப் போகிற நாள்களில் கமுக்கமாகத் திறந்துவிட்டுக்கொள்வார்களாம். சுட்டு முடித்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு, திருப்பி வைக்க மறந்து அப்படியே கோத்தில் ஒப்படைத்துவிடுவார்கள். கோத் என்றால் ஆயுத அறை. அப்பா ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து மறுபடி மூடிவைப்பார். எந்தத் துப்பாக்கிக்கு எந்த எண் என்று ஒரு சிட்டா வைத்திருந்தார். அடுத்த நாள் காலையில், "உஸ்தாத், என் ரைஃபிள் மறுபடி உதைக்குது" என்று வருவார்களாம். "உதைக்கட்டும்" என்பாராம் அப்பா. "உதச்சா நீ உயிரோட இருக்கன்னு அர்த்தம்."

சரி, குட்டைக் குழலுக்கு வருவோம்.

குழலைக் குறைக்க வேண்டும் என்கிற ஆசைக்கு வயது அதிகம். எஸ்.எல்.ஆர். ஒரு மீட்டருக்கும் மேல் நீளம், காலியாகவே நாலு கிலோவுக்கு மேல் எடை. வண்டியில் ஏறி இறங்க, புதருக்குள் நுழைய, வீட்டுக்குள் திரும்ப, எல்லாவற்றுக்கும் இடைஞ்சல். வியட்நாமில் ஆஸ்திரேலிய எஸ்.ஏ.எஸ். படையினர் தங்கள் எஸ்.எல்.ஆரின் குழலை கேஸ் பிளாக்குக்குச் சற்று முன்னாலேயே அறுத்துவிட்டுக் காட்டுக்குள் எடுத்துப்போனார்கள். அதற்கு ஒரு வசைச்சொல்லையே செல்லப்பெயராகவும் வைத்தார்கள். அப்பாவிடம் அதன் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மடைக்கு அப்பறம் வாய்க்காலே இல்ல" என்றார். "இது எப்புடி ஓடுச்சு?"

அமெரிக்காவின் எம்-16 குடும்பத்தை வைத்துப் பார்த்தால் கணக்குத் தெளிவாகத் தெரியும். எம்-16இன் குழல் 508 மில்லிமீட்டர். வாயுத் துளை ஏறத்தாழ 33 சென்டிமீட்டரில். அதற்குப் பிறகு தோட்டா போக மீதி 18 சென்டிமீட்டர். இதைக் குறுக்கி எம்-4 செய்தபோது குழல் 368 மில்லிமீட்டராகக் குறைந்தது. துளையை 19 சென்டிமீட்டருக்குப் பின்னால் நகர்த்தினார்கள், மீதி மறுபடி அதே 18. வாயு பாயும் நேரம் ஏறக்குறைய மாறவில்லை. ஆனால் மடை இப்போது மதகுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அங்கே தண்ணீரின் வேகம் மிக அதிகம், வாயுவும் அப்படித்தான். எம்-4இன் துளையில் அழுத்தம் எம்-16ஐவிடக் கணிசமாகக் கூடியது. அடுத்து மார்க் 18 என்ற இன்னும் குட்டையான வடிவம், 262 மில்லிமீட்டர் குழல். துளை அதே 19 சென்டிமீட்டரில். மீதி 7 சென்டிமீட்டர்தான்.

தோட்டா நொடிக்கு 850 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், 18 சென்டிமீட்டரைக் கடக்க ஒரு நொடியைப் பத்தாயிரமாகப் பிரித்ததில் இரண்டு பங்கு ஆகும். 7 சென்டிமீட்டருக்கு ஒரு பங்குகூட முழுதாக இல்லை. அந்த ஒரு பங்குக்குள் வாங்க வேண்டிய வாயுவை வாங்கியாக வேண்டும். எனவே துளையைப் பெரிதாக்கினார்கள். பெரிய துளை, கூடிய அழுத்தம், குறைந்த நேரம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு சமநிலையைப் பிடித்தால், அது குறுகிய சமநிலைதான். தோட்டாவின் மருந்து கொஞ்சம் மாறினாலும், குளிர் கூடினாலும், துளையின் விளிம்பு தேய்ந்தாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நீளக் குழலில் நாலைந்து கிளிக் பிசகினாலும் துப்பாக்கி பொறுத்துப்போகும். குட்டைக் குழல் அப்படி மன்னிக்காது.

ரஷ்யர்கள் இதை வேறுவிதமாகத் தீர்த்தார்கள். ஏகே-எம் துப்பாக்கிக்கு 415 மில்லிமீட்டர் குழல். அதன் வழிவந்த குட்டி ஏகேஎஸ்-74யு-வுக்கு வெறும் 206.5. அதன் மூக்கில் ஒரு குடுவை மாதிரி உலோக மூடி இருக்கும். அலங்காரம் அல்ல. தோட்டா போன பிறகும் வாயு உடனே வெளியேறிவிடாமல் ஒரு கணம் அதைப் பிடித்துவைக்கும் அறை. வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு சின்னக் குட்டை வெட்டிவைத்த மாதிரி. நம்மிடத்திலும் 464 மில்லிமீட்டர் குழல் கொண்ட இன்சாஸைக் குறுக்கி, 400 மில்லிமீட்டரில் எக்ஸ்காலிபர் என்று ஒன்று செய்தார்கள். 64 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். சுண்டுவிரல் நீளம். அதற்கு எத்தனை நாள் பட்டில் நின்று காலிக் கேஸ் பொறுக்கியிருப்பார்கள் என்று அப்பாதான் யோசிப்பார்.

துளையில் அழுத்தம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் குட்டைக் குழலில் நடந்ததல்ல, முழுநீள எம்-16இல் நடந்தது. அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அது என் தொழில். எம்-16 ஒருவகை மருந்தை வைத்து வடிவமைக்கப்பட்டது. 1960களின் நடுவில் ராணுவம் தோட்டாவின் மருந்தை மாற்றியது, குச்சி மருந்துக்குப் பதில் உருண்டை மருந்து. தோட்டாவின் வேகம் விவரக்குறிப்பில் சொன்னபடியே இருந்தது. தாளில் எல்லாம் சரி. ஆனால் புது மருந்து துளையில் கூடுதல் அழுத்தம் தந்தது. துப்பாக்கி வேகமெடுத்தது, கரி கூடியது, கேஸ்கள் மாட்டிக்கொண்டன. போதாததற்குக் குழலின் அறையில் குரோமியப் பூச்சு இல்லை. துடைக்கும் சாமான்களைக்கூடப் பலருக்குக் கொடுக்கவில்லை. வியட்நாமில் வீரர்கள் பிரித்துப்போட்ட துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே செத்துக் கிடந்தார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இக்கார்ட் துணைக்குழு விசாரித்தது. அதில் வெளிவந்த ஒரு விவரம் போதும். தொழிற்சாலையில் துப்பாக்கியைத் தேர்வு செய்யும்போது பழைய மருந்துத் தோட்டாவைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி இருந்தது, புதிய மருந்தில் சுட்டால் வேகம் வரம்பைத் தாண்டிவிடும் என்பதால். தேர்வில் ஒரு மருந்து, போர்க்களத்தில் வேறு மருந்து.

எங்கள் வேலையிடத்தில் யாராவது "சின்ன மாத்தம்தான் மேடம், அளவு அப்படியேதான் இருக்கு" என்று வந்தால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். அளவு அப்படியே இருக்கலாம். துளையில் என்ன ஆகிறது?

இதையெல்லாம் அப்பாவிடம் நான் பேசத் தொடங்கியது பெரியவளான பிறகுதான். அதற்கு முன் அவர் எங்கெங்கே வேலை பார்த்தார் என்பதுகூட எங்களுக்கு முழுதாகத் தெரியாது. வீட்டில் பஞ்சாப் என்பார். டீக்கடையில் யாராவது கேட்டாலும் பஞ்சாப்தான். அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

2004 அக்டோபர் 18 இரவு அது மாறியது. நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம், விடுமுறைக்கு வந்திருந்தேன். எங்கள் ஊரிலிருந்து பாப்பாரப்பட்டி தூரமில்லை. சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்தில் வாழ்ந்து மறைந்த ஊர் என்பதைத் தவிர அதற்குப் பெரிய பேர் அதுவரை கிடையாது. புழுக்கமாக இருந்ததால் மொட்டை மாடியில் படுத்திருந்தோம். பதினொரு மணி வாக்கில் சத்தம் கேட்டது. நான் பட்டாசு என்று நினைத்தேன், தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்து, நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பினார். வலது தோளில் வைத்துச் சுடுகிறவர்களுக்கு இடது காதுதான் முதலில் போகும். அவருக்கு வலது காது அப்போது கொஞ்சம் மிச்சமிருந்தது.

"ஏகே" என்றார்.

தொடர்ந்து கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. தெருவில் நாய்கள் குரைக்க, ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். அப்பா விரலை மடக்கிக்கொண்டிருந்தார். எதை எண்ணுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஓய்ந்த பிறகு சொன்னார்:

"ஒண்ணுகூட மாட்டல."

காலையில்தான் தெரிந்தது. பாடி கிராமத்துக்குப் பக்கத்தில், ஆம்புலன்ஸ் வண்டியில் வைத்து, வீரப்பனும் அவருடன் இருந்த மூவரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கே. விஜயகுமார் தலைமையிலான அதிரடிப்படை. உடல்கள் தர்மபுரி அரசு மருத்துவமனைக்கு வந்தபோது மாவட்டமே அங்கே போனது. பக்கத்து வீட்டு அத்தை புடவை மாற்றிக்கொண்டு போனாள். அன்று இரவு என்ன நடந்தது என்பதற்கு எங்கள் பக்கத்தில் இன்னமும் நாலு கதைகள் உண்டு. யார் எதைச் சொல்கிறார் என்பதை வைத்து அவர் எந்த ஊர், யாருக்கு உறவு என்று கண்டுபிடித்துவிடலாம். அப்பா மருத்துவமனைக்குப் போகவில்லை. வங்கிக்கும் போகவில்லை.

ஆனால் அதற்கு முன், அந்த இரவிலேயே, சத்தம் ஓய்ந்த பிறகு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. நான்தான் கேட்டேன், ஏகே என்று எப்படித் தெரியும், உங்களிடம் எஸ்.எல்.ஆர். தானே இருந்தது என்று.

"யாழ்ப்பாணத்துல கேட்டது" என்றார்.

1987 ஜூலையில் ஒப்பந்தம் போட்டு அமைதிப்படை போனது. அக்டோபரில் சண்டையாக மாறியது. 1990 மார்ச்சில் திரும்பியது. 1,100-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் செத்தார்கள். செத்துப்போன ஈழத்து ஜனங்களின் கணக்கு யாருக்கும் ஒத்துப்போகாத கணக்கு. கடைசிக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஊரில் அந்தப் படையின் பேரைச் சொல்ல முடியாத காலம். அப்பா பலாலியில் ஒரு பணிமனையில் இருந்தார். அந்தக் கப்பலுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே பஞ்சாப் என்று முடிவுசெய்துவிட்டாராம்.

"நம்ம பசங்க கைல எஸ்.எல்.ஆர். ஒவ்வொண்ணா அழுத்தி அழுத்திச் சுடணும். எதுத்தாப்புல ஏகே. ராத்திரில சத்தத்த வெச்சே தெரியும், யாரு சுடுறாங்கன்னு."

பிடிபட்ட துப்பாக்கிகள் பணிமனைக்கு வரும். பிரித்துப் பார்த்து, எண்ணைக் குறித்து, எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். பெரும்பாலும் டி-56, சீனாவில் செய்த ஏகே. அப்பா முதல்முதலாக ஏகேயின் உள்ளே பார்த்தது அங்கேதான். ரெகுலேட்டரைத் தேடினாராம். இல்லை.

"எங்கப்பா போச்சு?"

"தேவையில்லன்னு வெச்சுட்டான் அந்த ரஷ்யாக்காரன். வேண்டியதுக்கு மேலயே கேஸ் குடுத்துட்டான். உதைக்குது, ஆடுது, குறி தவறுது. ஆனா சேறு, மணலு, எதுல கெடந்தாலும் ஓடும். ரெண்டு கிளிக் இல்ல, இருவது கிளிக் அவனே போட்டு அனுப்பிட்டான். அதுக்கு ஆர்மரர் வேணாம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"அதனாலதான் சின்னப் பசங்க தூக்கிட்டு வந்தாங்க."

நான் அதற்குப் பிறகு ஏகேயைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். மலிவு, எளிமை, எங்கும் கிடைப்பது என்று காரணங்கள் அடுக்குவார்கள். எல்லாம் சரிதான். ஆனால் ஒரு துப்பாக்கியில் மனிதன் திருப்ப வேண்டிய வளையம் ஒன்றை எடுத்துவிட்டால், அந்த வளையத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளும் வயதுகூட அதன் பிறகு தேவைப்படாது என்று அப்பா சொன்ன மாதிரி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எஸ்.எல்.ஆருக்கு ஒரு ஆள் வேண்டும், ஒரு சிட்டா வேண்டும், ராத்திரியில் விளக்கு வேண்டும். அது நல்ல துப்பாக்கி என்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் எஸ்.எல்.ஆரால் செத்தவர்களுக்கு இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. அப்பாவுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சண்டைக்குப் பிறகு, 1990 தொடங்கி, இந்தியாவே ரஷ்யா, ஹங்கேரி, ருமேனியா என்று பல நாடுகளிலிருந்து ஒரு லட்சம் ஏகே வகைத் துப்பாக்கிகளை வாங்கியது.

"ஒரு டி-56 வந்துச்சு" என்றார் அப்பா. "பிஸ்டனத் தொட்டுப் பாத்தேன். கையில கரி ஒட்டல. நம்ம பசங்களுதுகூட அவ்ளோ சுத்தமா இருக்காது. யாரோ தெனமும் தொடச்சிருக்காங்க."

ஏகேயின் கட்டைப் பிடியில், தோளில் வைக்கும் பக்கம், ஒரு சின்ன மூடி இருக்கும். விரலால் அழுத்தினால் திறக்கும். உள்ளே துடைக்கும் சாமான்கள் வைக்க ஒரு பொந்து. அப்பா அதைத் திறந்தார். பிரஷ் இருக்கும் டப்பா, அதோடு ஒரு துணி. நம் ராணுவத்தில் அதை சிந்தி என்பார்கள். இந்தியில் கிழிசல் துணி என்று அர்த்தம். இங்கே கணக்குப் பார்த்து வெட்டிக் கொடுப்பார்கள். இது அப்படி வெட்டிக் கொடுத்த துணி இல்லை. வெள்ளைத் துணி. ஓரத்தில் மடிப்பு மடிப்பாகத் தையல் இருந்தது.

"ஸ்கூல் பாவாட" என்றார். "அங்க புள்ளைங்க எல்லாம் வெள்ளதான் போடும். ரோட்டுல தெனமும் பாத்திருக்கேன். அதுலேர்ந்து கிழிச்சது. கரி புடிச்சி கோடு கோடா கருப்பா இருந்துச்சு."

"பொண்ணா?"

"தெரியல. பொண்ணா இருக்கலாம். தங்கச்சி துணிய எடுத்து வெச்சிருந்த பையனா இருக்கலாம். துப்பாக்கி மட்டும்தான எங்கிட்ட வந்துச்சு."

அக்காவுக்கு அப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. எனக்கு ரெண்டு. இதை அவர் சொல்லவில்லை, நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

கீழே தெருவில் யாரோ டிரான்சிஸ்டரைத் திருகிக்கொண்டிருந்தார்கள், செய்தி ஏதாவது வருமா என்று. இத்தனை வருஷமாகக் கேட்க நினைத்திருந்ததை நான் அப்போது கேட்டேன்.

"நீ செட் பண்ணிக் குடுத்த துப்பாக்கி யாரச் சுட்டுச்சுன்னு எப்பவாச்சும் நெனச்சிருக்கியாப்பா?"

"அத நெனச்சா வேல பாக்க முடியாது." கொஞ்சம் கழித்து, "செட் பண்ணாம வுட்டா நம்ம பையன் செத்துடுவான். செட் பண்ணுனா அந்தப் பக்கம். ரெண்டும் தமிழ்லதான் கத்துச்சு பாப்பா. எங்க யூனிட்ல பாதி நம்ம பக்கத்து ஆளுங்க."

பாப்பா என்று அவர் என்னைக் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"அந்தத் துணிய என்ன பண்ணுன?"

"மறுபடி உள்ள வெச்சு மூடிட்டேன். எழுதற தாள்ல ரைஃபிள் நம்பர், மேகசின், பிஸ்டன் நெலம, குழல் நெலமன்னு வரிசையா கட்டம் இருக்கும். துணிக்குக் கட்டம் இல்ல."